ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்பவர்கள், முதல் தடவை பொத்தானை அழுத்தி ஒன்றும் நடக்காவிட்டால் உடனே ‘மதர்போர்டு போச்சு’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. எங்கேயோ ஒன்று சரியாக உட்காராமல் இருக்கும்.

முதல் கேள்வி, ஃபேன் சுற்றுகிறதா?

சுற்றவே இல்லையென்றால் வேலை சுலபம். யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சுவர் ப்ளக்கில் செருகுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். 24 பின் கனெக்டரின் கொக்கி ‘டக்’கென்று மாட்டியிருக்கிறதா பாருங்கள். அப்புறமும் அசையவில்லையென்றால், கேபினட் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வயரைத் தவறான பின்னில் செருகியிருப்பீர்கள். மானுவலில் படம் இருக்கும். அந்த வயரைக் கழற்றிவிட்டு, பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். அங்கே இருப்பது சில வோல்ட்தான், பயம் வேண்டாம். ஓடினால் பழுது பொத்தானிலோ அதன் வயரிலோ.

ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருந்தால்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். மானிட்டர் கேபிளைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிளும் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். கோர் ஐ5 12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் ப்ராசசர்களில் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டு எச்டிஎம்ஐயில் எத்தனை தடவை செருகினாலும் படம் வராது.

அடுத்து, ப்ராசசருக்கான 8 பின் மின்சார கனெக்டர். போர்டின் மேல் மூலையில் ஒளிந்திருப்பதால் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். கார்டுக்கான வயரும் பார்க்க இதே மாதிரி இருக்கும். 4+4 ஆகப் பிரிவது ப்ராசசருக்கு, 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு. உள்ளே போக அடம்பிடித்தால் அழுத்தாதீர்கள், அது வேறு வயர்.

இனி ராம். இரண்டு ராம் என்றால் ப்ராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். சோதிக்கும்போது ஒன்று போதும், இரண்டாவது ஸ்லாட்டில். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே கிளிப் இருக்கும். அதை மட்டும் பார்த்து ஏமாறாமல் இரண்டு முனையையும் அழுத்துங்கள்.

டிடிஆர்5 ராம் போட்டவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை ஓடும்போது போர்டு ராமோடு வேகத்தையும் வோல்டேஜையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளும். இதற்கு ‘மெமரி ட்ரெய்னிங்’ என்று பெயர். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் இது பல நிமிடம் இழுக்கும். அதுவரை திரை இருட்டு, போர்டில் டிராம் என்ற குட்டி விளக்கு எரிந்துகொண்டிருக்கும், தானாக அணைந்து எழுந்தாலும் எழும். இரண்டு நிமிடத்தில் பொறுமையிழந்து அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து. பதினைந்து நிமிடம் தொடாதீர்கள். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்காது, எழுந்து போய்விடுங்கள்.

அதன் பிறகும் எரியும் விளக்கு எது? பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என நான்கு குட்டி விளக்குகள் உண்டு. பூட் விளக்கு எரிந்தால் சந்தோஷப்படுங்கள், இன்னும் விண்டோஸ் போடவில்லை, அவ்வளவுதான். சிபியு விளக்கு என்றால் பயாஸ் பழசாக இருக்கலாம். 2022இல் வந்த பி650 போர்டு கடையில் தூங்கிக் கிடந்ததாக இருந்தால், 2024இல் வந்த ரைசன் 9000 ப்ராசசரை அதற்கு அடையாளம் தெரியாது. ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருந்தால், பென்டிரைவில் புது பயாஸை ஏற்றி ப்ராசசர் இல்லாமலே மாற்றலாம்.

இன்னும் வரவில்லையா? மின்சாரத்தைத் துண்டித்து, சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டிப் பாருங்கள். கடைசியாக போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசசர், கூலர், ஒரே ஒரு ராம், தேவையென்றால் கார்டு, இவற்றோடு மட்டும் ஓட்டுங்கள். வெளியே ஓடி, உள்ளே ஓடாவிட்டால் கேபினட்டில் போர்டுக்கு அடியில் ஒரு பித்தளைத் திருகு அதிகமாக நின்று ஷார்ட் ஆகிறதா பாருங்கள்.

வெளியேயும் ஓடாவிட்டால் கடைக்கு எடுத்துப் போங்கள். போகுமுன் ப்ராசசரைக் கழற்றி சாக்கெட் பின்கள் நேராக இருப்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின் வளைந்திருந்தால் வாரன்டி இல்லை என்பார்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணத்துக்கும் திறக்காதீர்கள்.