குளிர் மலையிலும் கோடை வரும்

சகோதரிகளே, "நம்ம நீலகிரியில ஏது கோடை? ஸ்வெட்டரையே கழட்டுறதில்லையே" என்று குழுக் கூட்டங்களில் பலர் சொல்வதுண்டு. சமவெளி மாதிரி இங்கே வியர்த்துக் கொட்டாது. அதனால்தான் கோடை வந்ததே நமக்குத் தெரிவதில்லை. ஆனால் 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி வெயில் அடித்தது.

அப்போ எதை வைத்துக் கண்டுபிடிப்பது? உறைபனி நின்று, சாலையோரம் ஜகரண்டா மரம் ஊதாவாகப் பூத்தால் அது ஒரு அடையாளம். பார்க்க அழகுதான். அதைவிட முக்கியம் ஊற்று. ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாரம் ஒரு தடவை பாருங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம். அப்போதே குழுவில் தீர்மானம் போட்டு ஊராட்சியில் மனு கொடுங்கள். வற்றின பிறகு ஓடினால் நாமதான் குடத்தோடு மேடு ஏறணும். ஊற்று சுருங்கினால் தண்ணீரில் அழுக்கும் சேரும், கொதிக்க வைத்தே குடியுங்கள்.

தேயிலை இலை செம்பு நிறமாக மாறினால் செஞ்சிலந்தி வந்திருக்கலாம். வறட்சியில்தான் அது பெருகும். புல் காய்ந்திருக்கும்போது தோட்டத்து ஓரம் குப்பைக்குத் தீ வைக்காதீங்க, காற்றில் காட்டுக்குப் போய்விடும்.

உடம்பும் சொல்லும். உதடு வெடிக்கும், தலை வலிக்கும், சிறுநீர் மஞ்சளாகப் போகும். குளிர்காற்றில் தாகம் தெரியாது. மலை உயரத்தில் வெயில் தோலைச் சீக்கிரம் சுடும். கொழுந்து பறிக்கப் போகும்போது தலைக்குத் துணியும், ஒரு பாட்டில் ஆறின வெந்நீரும் கையில் இருக்கட்டும். டீ மட்டும் போதாது.