புதைத்த பூச்சிமருந்து புதைந்தே கிடக்காது

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வேலப்பன்சாவடியில் புதுவீடு கட்டும்போது கடைக்காலில் கரையான் மருந்து ஊற்றுகிறோம். அதே மனையில் போரும் போடுகிறோம். மிஞ்சிய மருந்து எங்கே போகிறது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அதை மண்ணில் தள்ளி மூடச் சொல்லும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஆழமாகப் புதைத்தால் மக்கிவிடும்.

உண்மை: மருந்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். ஆழமாகப் புதைத்தால் அவற்றை விட்டு விலகி, நிலத்தடி நீரை நெருங்குகிறது மருந்து. மண்ணில் கிடக்கும் டிடிடி பாதியாகக் குறையவே 2 முதல் 15 ஆண்டுகள் ஆகும். மழைநீர் சேகரிப்புக் குழியில் ஊற்றுவது இன்னும் மோசம். மேல்மண்ணைத் தாண்டி நீரைக் கீழே இறக்கத்தான் அந்தக் குழியையே வெட்டுகிறோம்.

நம்பிக்கை: ஒரு லிட்டர் மருந்து என்ன செய்துவிடும்?

உண்மை: கரையானுக்குப் பயன்பட்டுவரும் குளோர்பைரிபாஸ், இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 20 சதவீத மருந்து ஒரு லிட்டரில் சுமார் 200 கிராம் குளோர்பைரிபாஸ் உண்டு. கணக்குப் போட்டால், 66 லட்சம் லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவர அது போதும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 550 நடை! இந்த மருந்து மண்ணை இறுகப் பற்றும் என்பதால் அத்தனையும் நீரில் இறங்கிவிடாது. ஆனால் பற்றிக்கொள்ள மண் இருக்க வேண்டுமே. குழியிலும் கிணற்றிலும் அது ஏது?

நம்பிக்கை: போபாலில் நிலத்தடி நீர் கெட்டது 1984 விஷவாயுவால்தான்.

உண்மை: வாயு காற்றோடு போனது. நீரைக் கெடுத்தது, யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலை 1969 முதல் தன் வளாகக் குழிகளிலும், 1977 முதல் வெளியே ஆவியாக்கும் குளங்களிலும் கொட்டிய கழிவு. சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குக் குழாயில் நல்ல நீர் தரும்படி 2004இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் பீதம்பூருக்குக் கொண்டுபோய், பின்னர் அங்கே எரிக்கப்பட்ட சுமார் 337 டன் கழிவு, கிடங்கில் மூட்டை கட்டி வைத்திருந்தது மட்டுமே. புதைத்ததை அப்படி லாரியில் ஏற்றிவிட முடியாது.

நம்பிக்கை: தண்ணீர் தெளிவாக இருக்கிறது, டிடிஎஸ் குறைவு, கொதிக்க வைத்தும் குடிக்கிறோம்.

உண்மை: டிடிஎஸ் மீட்டர் காட்டுவது கரைந்த உப்பை, மைக்ரோகிராம் அளவு பூச்சிமருந்து அதில் தெரியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். பல பூச்சிமருந்துகள் அந்தச் சூட்டுக்கு அழியா. சந்தேகம் இருந்தால், என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பூச்சிமருந்துச் சோதனை என்று தனியாகக் கேட்டுச் செய்யுங்கள்.

நம்பிக்கை: புதைக்கச் சொல்லிச் சட்டமே இருக்கிறது.

உண்மை: பூச்சிக்கொல்லி விதிகள், 1971 உடைத்துப் புதைக்கச் சொல்வது காலி டப்பாக்களை, அதுவும் குடியிருப்புக்குத் தள்ளி. காலாவதியான மருந்தோ, கழிவு மேலாண்மைக்கான 2016 விதிகளின்படி அபாயகரக் கழிவு.

எனவே, கரையான் மருந்து அடிப்பவரிடம் வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள். தேவையான அளவே கலக்கட்டும். கலந்ததைக் கடைக்காலிலேயே தீர்க்கட்டும். திறக்காத மருந்தையும் காலி டப்பாவையும் அவரே திரும்ப எடுத்துப் போகட்டும். போர் பக்கமோ மழைநீர்க் குழியிலோ ஒரு சொட்டுகூடக் கொட்டக் கூடாது. உங்கள் போரில் ஊறுவது அடுத்த வீட்டுக்காரரும் குடிக்கும் தண்ணீர்.