முதிர்ந்த எண்ணெய்ப் பனைத் தோப்பும் மர நெருக்கமும்

நெல்லுக்கு நண்டு ஓடும் இடமும், தென்னைக்குத் தேர் ஓடும் இடமும் விடவேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட கணக்கு. எண்ணெய்ப் பனைக்கும் அத்தகைய கணக்கு உண்டு. மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு முக்கோண முறையில் நட்டால் எக்டேருக்கு 143 மரங்கள் நிற்கும். இடைவெளியை 8 மீட்டராகக் குறைத்தால் 180 மரங்கள் நிற்கும்.

மரம் மிகுந்தால் மகசூலும் மிகும் என்று தோன்றும். முதற் சில ஆண்டுகளில் அஃது உண்மையே. இளமரங்களின் மட்டைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒவ்வொரு மரமும் தனக்குரிய வெயிலை முழுதும் பெறுகிறது. ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் மட்டைகள் பின்னிக்கொள்கின்றன. அப்போது மரம் வெயிலை நாடி விரைந்து உயர்கிறது, பெண் பாளை குறைந்து ஆண் பாளை பெருகுகிறது, குலைகள் குறைகின்றன. உயரம் ஏற ஏற வெட்டுக்கூலியும் ஏறுகிறது. இளமையில் மிகுதியாகத் தந்த நெருக்கமே முதுமையில் விளைவைக் குறைத்துவிடுகிறது.

அண்மையில் உறுப்பினர் ஒருவர் கன்று வாங்கக் கடன் கோரினார். அவருடைய 2 எக்டேர் தோப்புக்கு வயது இருபதைக் கடந்துவிட்டது. 286 மரங்கள் இருந்த இடத்தில் 251 மரங்களே நின்றன. வெற்றிடம் முப்பத்தைந்திலும் கன்று வைத்தால் பழைய மகசூல் மீளும் என்பது அவர் எண்ணம். தோப்பைச் சுற்றிப் பார்த்தபின் அக்கடனுக்கு நாம் பரிந்துரை செய்யவில்லை. அவருக்கு வருத்தமே. ஆயினும் காரணம் இதுதான்: ஒரு மரம் விழுந்த இடத்து வெயிலை அண்டை மரங்கள் பெற்று, இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்கின்றன. முதிர்ந்த மரங்களின் நிழலில் வைத்த கன்றோ மெலிந்து உயரும், காய்ப்பது அரிது. கன்று காய்க்காவிடினும் கடனுக்கு வட்டி நிற்பதில்லை.

ஆகவே உறுப்பினர்கள் செய்யத்தக்கவை:

1. தோப்பின் படம் வரைந்து, வெற்றிடங்களையும் காய்க்காத மரங்களையும் குறித்துக்கொள்க.

2. நெருக்கமான தோப்பில் காய்க்காத மரங்களை முதலில் நீக்குக.

3. மரங்கள் அடுத்தடுத்துப் பட்டிருந்தால் அடித்தண்டழுகல் நோய் உண்டா என்று ஆராய்க. நோயுற்ற அடிக்கட்டையைத் தோண்டி அகற்றாமல் அங்கு மறுநடவு செய்யற்க.

4. வெற்றிடம் மிகுந்து, மரங்களும் கோலுக்கு எட்டாது உயர்ந்துவிட்டால், பகுதி முழுவதையும் அழித்து 9 மீட்டர் இடைவெளியில் மறுநடவு செய்க. கடன் கோரத்தக்க காலம் அதுவே.

தோப்பின் வளத்தை மரங்களின் எண்ணிக்கையால் அளத்தல் தவறு. எக்டேருக்கு இறங்கும் குலையின் எடையால் அளப்போமாக.