அசைவூட்டத் தொழிலும் தெரிந்து செயல்வகையும்

முன்னுரை

திருக்குறளின் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. ஒரு வினையைத் தொடங்குமுன் அதனால் கழிவது, ஆவது, பின்னர் நிற்கும் பயன் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறள் தரும் கருத்தாகும். வரக்கூடும் என்னும் ஆதாயத்தை நம்பிக் கையிலுள்ளதையும் போக்கிக்கொள்ளும் செயலில் அறிவுடையார் இறங்கார் என மூன்றாம் குறள் எச்சரிக்கின்றது. அரசியலுக்கென வகுக்கப்பட்ட இக்கருத்துகள் சிறுதொழில் தொடங்கும் இளைஞர்க்கும் முற்றும் பொருந்துவன.

வரையும் கைத்திறனும் கணிப்பொறிப் பயிற்சியும் வாய்ந்த மாணவர் பலர், 'அனிமேஷன்' எனப்படும் அசைவூட்டத்தைத் தொழிலாகக் கொள்ள விழைகின்றனர். விருப்பம் நன்றே. ஆயினும் கலைத்திறன் மிக்காரும் கணக்கிலும் ஒப்பந்தத்திலும் பிழை செய்து வீழ்ந்ததற்கு அத்தொழிலின் வரலாறே சான்று பகர்கின்றது. அவ்வரலாற்றுப் பாடத்தையும் அதன்வழி நாம் கைக்கொள்ள வேண்டிய நெறிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிலின் இயல்பு

பிறர் வேண்டியவாறு அசைவுப்படம் ஆக்கித் தருதலே அசைவூட்டச் சேவைத் தொழில். வணிக விளம்பரம், பள்ளிப் பாடப்படம், உடல்நல விளக்கப்படம், திரைப்படத் தலைப்பு, பெரிய நிறுவனங்கள் பகிர்ந்தளிக்கும் பகுதிப்பணி ஆகியன இதன்பாற்படும். இந்தியாவில் 1956இல் திரைப்படப் பிரிவின் கார்ட்டூன் பகுதி தோன்றியபோது டிஸ்னி நிறுவனக் கலைஞர் கிளேர் வீக்ஸ் பயிற்சியளித்தார். அங்குப் பயின்ற ராம் மோகன் 1972இல் தமக்கெனத் தனி நிறுவனம் நிறுவினார். அரசுப் பணியிலிருந்து தனித்தொழிலுக்கு வந்த முன்னோடி அவர்.

திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்தையும் இரு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 படங்கள், நிமிடத்திற்கு 720 படங்கள் வேண்டும். இடைப்படங்கள் சிலவற்றைக் கணிப்பொறியே நிரப்பித் தரினும், கதையுரை, ஸ்டோரிபோர்டு, குரல்பதிவு, பாத்திர அமைப்பு, அசைவு, வண்ணம், தொகுப்பு என்னும் படிகள் மாறுவதில்லை. எனவே இத்தொழிலில் விற்கப்படும் சரக்கு மனித உழைப்பு நேரமே என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

கேன்சஸ் நகரப் பாடம்

வால்ட் டிஸ்னி என்னும் பெயரை அறியாதார் இலர். அவர்தம் முதல் நிறுவனம் முறிந்துபோன செய்தியை அறிந்தவர் சிலரே. 1922 மே மாதம் அமெரிக்காவின் கேன்சஸ் நகரில், 20 வயதே நிரம்பிய அவ்விளைஞர், முதலீட்டாளர் தந்த 15,000 டாலரைக் கொண்டு 'லாஃப்-ஓ-கிராம்' நிறுவனத்தைப் பதிவு செய்தார். அதே ஆண்டில் வேறொரு நிறுவனம் ஆறு படங்களுக்கு 11,000 டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. ஆனால் உடனே கைக்கு வந்தது 100 டாலர் மட்டுமே. எஞ்சிய தொகை 1924 சனவரி முதல் நாளில் தரப்படும் என்பது நிபந்தனை. ஓராண்டுக்கும் மேலாகக் கலைஞர் ஊதியமும் வாடகையும் எங்கிருந்து வரும் என்னும் வினாவிற்கு அவ்வொப்பந்தத்தில் விடை இல்லை. படங்கள் ஆகிக்கொண்டிருந்தபோதே ஒப்பந்தம் செய்த நிறுவனம் நொடித்தது. 1923இல் டிஸ்னியின் நிறுவனமும் நொடித்தது.

இடர்ப்பட்ட அந்நாளில் உள்ளூர்ப் பல் மருத்துவர் ஒருவர் வேண்டியதற்கிணங்கப் பல்தூய்மை பற்றிய பாடப்படம் ஒன்றை 500 டாலருக்கு டிஸ்னி எடுத்துத் தந்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 11,000 டாலர் ஏட்டில் நின்றது. 500 டாலர் கைக்கு வந்தது. தொடக்கநிலைத் தொழிலுக்குச் சோறு போடுவது அண்டை வீட்டு மருத்துவரின் சிறுபணியே என்பது இதனால் விளங்கும்.

வினாடிக் கணக்கு

விலை கூறுமுன் அடக்கவிலை அறிதல் வேண்டும். கற்பனைக் கணக்கொன்றைக் காண்போம். மூவர் கூடித் தொழில் நடத்துகின்றனர். ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் ஊதியம் எனில் 60,000. வாடகை, மின்சாரம், இணையம் ஆகியவற்றுக்கு 25,000. மூன்று கணிப்பொறிகளின் விலை 1,80,000 ரூபாயை 36 மாதங்களுக்குப் பகிர்ந்தால் 5,000. ஆக மாதச் செலவு 90,000 ரூபாய். மாதத்தில் 180 வினாடிப் படம் ஆக்க இயலுமெனில் வினாடிக்கு அடக்கம் 500 ரூபாய்.

பலர் இவ்விடத்தோடு கணக்கை முடித்துவிடுகின்றனர். எல்லா மாதமும் முழுவேலை கிடைப்பதில்லை. 120 வினாடிக்கே வேலை வருமெனில் அடக்கம் 750 ரூபாயாக உயர்கின்றது. 30 வினாடி விளம்பரத்தை 15,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவர், அத்தகைய நான்கு பணிகளை முடித்தும் அம்மாதத்தில் 30,000 ரூபாய் இழப்பார். உழைத்தும் இழப்பே மிஞ்சும் விந்தை இதுவே. தம் ஊதியத்தைச் செலவில் சேர்க்காமல் 'நாம்தானே செய்கிறோம்' என்று விடுவார்க்கு இவ்விழப்பு கண்ணிற்படுவதுமில்லை.

திருத்தங்களும் கணக்கில் அடங்கல் வேண்டும். ஸ்டோரிபோர்டு நிலையில் ஒரு காட்சியை மாற்ற ஒரு மணி நேரம் போதும். வண்ணமிட்டு முடித்தபின் அதனையே மாற்றினால் ஒரு வாரம் கழியலாம். ஆதலின் ஒவ்வொரு படியிலும் வாடிக்கையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுதலும், இருமுறைக்கு மேற்பட்ட திருத்தத்திற்குத் தனிக்கட்டணம் என வரையறுத்தலும் நன்று.

முன்பணமும் நிலுவையும்

முன்பணம் பெறாது பணி தொடங்கலாகாது. நூற்றுக்கு நாற்பது தொடக்கத்திலும், முப்பது அசைவு ஒப்புதலின்போதும், முப்பது இறுதிக்கோப்பை ஒப்படைக்குமுன்னும் பெறுதல் ஒரு வழி. நிலுவை தீரும்வரை நிறுவன முத்திரை பொறித்த, தெளிவு குறைந்த படியையே பார்வைக்கு அனுப்புதல் வேண்டும்.

சட்டமும் துணை நிற்கின்றது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையைச் செலுத்த ஒப்பந்தத்தில் 45 நாள்களுக்கு மேல் தவணை கொள்ளுதல் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி தரல் வேண்டும். எனவே தொழில் தொடங்கியவுடன் 'உத்யம்' தளத்தில் பதிவு செய்துகொள்ளுதல் கடமையாகும்.

உரிமை யாருக்கு?

முறிவுக்குப்பின் ஹாலிவுட் சென்று மீண்டெழுந்த டிஸ்னி, 1927இல் 'ஆஸ்வால்டு' என்னும் முயற்பாத்திரத்தால் புகழ் பெற்றார். 1928இல் கூடுதல் தொகை கேட்டபோது, தொகையைக் குறைப்பதாக விநியோகிப்பவர் கூறினார். டிஸ்னியின் கலைஞருள் பெரும்பாலோரை அவர் முன்னரே தம்பக்கம் ஈர்த்திருந்தார். பாத்திரத்தின் உரிமையோ யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. தாம் வளர்த்த முயலை விட்டு வெறுங்கையோடு திரும்பிய பின்னரே மிக்கி எலி பிறந்தது. ஆஸ்வால்டு மீண்டும் டிஸ்னி நிறுவனத்திடம் வந்தது 2006இல்தான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஒருவர் கூலி தந்து எடுப்பித்த திரைப்படத்திற்கு, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், எடுப்பித்தவரே முதல் உரிமையாளர். சேவைத் தொழிலில் இது இயல்பே. ஆயினும் நாமே படைத்த பாத்திரம், மூலக்கோப்பு, நம் தொகுப்பிற் காட்டும் உரிமை ஆகியவை யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் பிரித்தெழுதல் வேண்டும்.

கருவியும் கூட்டும்

கருவிக்குப் பெருமுதல் வேண்டும் என்னும் அச்சம் இன்று தேவையற்றது. 2002இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்ட 'பிளெண்டர்' கொண்டு ஆக்கப்பட்ட லாட்வியத் திரைப்படம் 'ஃப்ளோ' 2025இல் ஆஸ்கார் விருது பெற்றது. இருபரிமாணப் பணிக்கு 'ஓப்பன்டூன்ஸ்' 2016 முதல் விலையின்றிக் கிடைக்கின்றது. திருட்டு மென்பொருள் கொண்டு தொழில் தொடங்க வேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கையாளின் அதனை வாடிக்கையாளர்க்கு முன்னரே உரைத்தல் நேர்மை.

நண்பர் கூடித் தொழில் தொடங்கும்போது பத்திரம் எழுதக் கூசுகின்றனர். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தம் இல்லாவிடில் ஆதாயமும் இழப்பும் சமபங்கு. உழைப்புக்குத் தனி ஊதியமும் இல்லை. இரவு பகலாக வரைந்தவர்க்கும் எப்போதேனும் வந்து சென்றவர்க்கும் ஒரே பங்கு என்னும் நிலை வரும்போது நட்பும் தொழிலும் ஒருங்கே கெடும். பத்திரம் நட்புக்கு வேலி என்க.

தமிழ் பயின்றார்க்கும் இக்கூட்டில் இடமுண்டு. 30 வினாடிக்குள் ஒரு செய்தியைச் சொல்லும் கதையுரை எழுதுதற்கும், வாயசைவிற்கேற்ற உரையாடல் அமைத்தற்கும், சிறுவர்க்குரிய பாடத்தைப் பிழையற வடித்தற்கும் சொல்லாட்சி வேண்டும். ஓவியன், கணக்கறிந்தவன், மொழியறிந்தவன் ஆகிய மூவர் சேரின் ஒரு சிறு நிறுவனம் உருவாகும்.

முடிவுரை

அடக்கவிலை அறிதல், முன்பணம் பெறுதல், ஒப்புதலை எழுத்திற் கொள்ளுதல், உரிமையை வரையறுத்தல், ஒரே வாடிக்கையாளரை நம்பியிராமை ஆகிய ஐந்தும் இத்தொழிலின் அடிப்படைகள். உலகப் புகழ் பெற்ற கலைஞரே 21 வயதில் முதலையும் 26 வயதில் தம் பாத்திரத்தையும் இழக்க நேர்ந்தது. அவர் விலை கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் படித்தே கற்கலாம். தூரிகையை எடுக்குமுன் ஒரு தாளில் மூன்று கட்டம் வரைந்து, கழிவது, ஆவது, நிற்பது என எழுதிப் பார்ப்போமாக. அத்தாளே நம் நிறுவனத்தின் முதற்படமாக அமைதல் வேண்டும்.