வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தாதீர்கள்

பழைய கறுப்பு சைக்கிள்களை வாங்கி, ஓவராயில் செய்து, அன்றாடம் ஓட்டுவது எனக்கு நெடுநாள் பழக்கம். ராலே, ஹெர்குலிஸ், பிலிப்ஸ் என்று பெயர் எதுவானாலும் உடற்கட்டு ஒன்றுதான். 28 அங்குலச் சக்கரம், தரைக்கு இணையாக ஓடும் பார், கம்பி பிரேக், ஸ்பிரிங் வைத்த தோல் சீட். நாட்டிங்ஹாமிலும் பர்மிங்ஹாமிலும் வளர்ந்த அந்த வடிவத்தை, 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரிலேயே தயாரித்தது. சீனாவின் ஃப்ளையிங் பிஜன் சைக்கிளுக்கும் இதே கட்டுதான். இப்போது இளைஞர்கள் பலர் தாத்தாவின் வண்டியைப் பரணிலிருந்து இறக்கிப் புதுப்பிக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வண்டியில் அழகு என்று கண்ணில் படும் வளைவுகளில் பாதிக்கு மேல் சவாரிக்காக வைத்தவை.

முதலில் ஃபோர்க். பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேலிருந்து நேராக இறங்கி, அடியில் வந்ததும் முன்பக்கம் வளையும். அந்த வளைவு ஏறத்தாழ 3 அங்குலம். ஹேண்டில் பார் இறங்கும் முன்குழாய் தரையோடு 67, 68 பாகை சாய்வில் படுத்திருக்கும். இன்றைய ரேஸ் சைக்கிளில் அது 73 பாகை அளவில் நிமிர்ந்து நிற்கும். சாய்வும் வளைவும் ஒன்றுக்கொன்று கணக்குப் போட்டு வைத்தவை. முன்குழாயின் வழியே ஒரு கோடு இழுத்தால், டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சுமார் 7 செ.மீ. முன்னால் அந்தக் கோடு தரையில் விழும். வண்டி தன்போக்கில் நேராக ஓடுவதற்கு இந்த இடைவெளி பெரிதும் துணை நிற்கிறது. வளைவை 2 அங்குலத்துக்குக் கீழே குறைத்தால் இடைவெளி 10 செ.மீ.யாகிவிடும், அது அளவுக்கு மீறியது.

நண்பர் ஒருவர் நவீனத் தோற்றம் வேண்டும் என்று நேரான ஃபோர்க்கை மாட்டிக்கொண்டு வந்தார். தெருவில் நிறுத்தினால் வண்டி மிடுக்காகத்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போகும்போது சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தது. திருப்பங்களில் ஹேண்டில் பாரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. குழியில் இறங்கியபோது அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கு வந்தது. பழைய ஃபோர்க்கின் மெல்லிய நுனி வில்லைப்போல் கொஞ்சம் வளைந்துகொடுத்து அதை வாங்கிக்கொண்டிருக்கும். பால் கேன், சிலிண்டர் ஏற்றும் வண்டிகளில் முன் அச்சிலிருந்து மேலே ஓடும் சப்போர்ட் கம்பிகள் இருக்கும். அவை பலத்துக்காக வந்தவை, வளைந்துகொடுப்பதைத் தடுத்துவிடும். சுமை ஏற்றாதவர்கள் அவற்றைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், கைக்கே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது உட்காரும் விதம். சீட் குழாயும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் உடல் எடையில் பெரும்பங்கு சீட்டில் இறங்குகிறது. அதற்காகத்தான் சீட்டுக்கடியில் அத்தனை ஸ்பிரிங்குகள். ஹேண்டில் பார் நம்மை நோக்கி வளைந்து வருவதும் முதுகு நிமிர்ந்திருப்பதற்காகவே. இதில் நேரான ஹேண்டில் பாரையும் ஒல்லியான சீட்டையும் மாட்டினால் படத்தில் அழகாக விழும், பத்து கிலோமீட்டரில் தோள் கெஞ்சும். தோல் சீட்டுக்கு 1866இல் தொடங்கிய புரூக்ஸ் பெயர் போனது. நம் ஊர்ச் சீட்டும் நல்ல தோலாக இருந்தால் குறையில்லை. தொய்ந்தால் முன்னாலிருக்கும் நட்டைக் கால் சுற்று மட்டும் முறுக்குங்கள். எண்ணெயைக் கொட்டி ஊறவைத்தால் தோல் தளர்ந்து நடுவில் குழிவிழும்.

அழகும் ஓட்டமும் நிஜமாகவே மோதும் இடம் பிரேக். கம்பி பிரேக்கும் குரோம் ரிம்மும் சேர்ந்தால் வரும் பளபளப்புக்கு ஈடு கிடையாது. இதில் பிரேக் கட்டை ரிம்மின் உட்பக்கத்தில் பிடிக்கிறது. ஆகவே பக்கவாட்டுக் கோட்டத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், மேல்கீழ்க் கோட்டத்தைப் பொறுக்காது. கோட்டம் எடுப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் மழையில் நனைந்த குரோமில் ரப்பர் வழுக்கும். இதற்குச் சமாதானம் சொல்ல நான் தயாரில்லை. மழையிலும் போக்குவரத்திலும் தினமும் ஓட்டுகிறவர் முன்சக்கரத்திலாவது டிரம் பிரேக் ஹப்பை வைத்துக் கட்டுவது நல்லது. இங்கிலாந்தில் பாஷ்லி நிறுவனம் தன் ரோட்ஸ்டர் சைக்கிளில் இதைத்தான் செய்தது: உருவம் பழையது, பிரேக் ஹப்புக்குள். முன் ரிம்முக்கு 32, பின் ரிம்முக்கு 40 கம்பி என்பது பழைய கணக்கு. ஹப் வாங்கும்போது துளைகளை எண்ணி வாங்குங்கள்.

பாரின் உயரமும் அப்படித்தான். 24 அங்குல ஃபிரேம் நின்றால் கம்பீரம். ஆனால் காலை ஊன்றும்போது பாருக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடமில்லை என்றால் அது உங்களுக்கான வண்டியில்லை, 22 பாருங்கள். பாருக்கு அடியில் காலைவிட்டுக் குரங்கு பெடல் போட்டே நம்மில் பலர் சைக்கிள் கற்றோம் என்பதற்காக, வளர்ந்த பிறகும் அவதிப்பட வேண்டியதில்லை.

வெளியே தெரியாத மாற்றங்களைத் தாராளமாகச் செய்யலாம். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால் ஒரு மிதிக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஓடும். எதிர்காற்றிலும் பாலத்து ஏற்றத்திலும் முழங்கால் வலிக்கும். 22 பல் பிரீவீல் போட்டால் நாலரை மீட்டர், முழங்காலுக்கு நிம்மதி. செயின் கவருக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒன்றரை அங்குல டயருக்குக் கல்போலக் காற்றடிக்க வேண்டாம். 40 முதல் 50 பவுண்டு போதும், கேரியரில் ஆள் உட்கார்ந்தால் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூட.

பெயின்ட் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பவுடர் கோட்டிங் தடிமனாக ஏறினால் குழாய்கள் சேரும் லக்குகளின் கூர்மையான விளிம்பு மழுங்கிப்போகும். இந்த வண்டியில் வெறும் அழகுக்காக இருக்கும் சில இடங்களில் அது ஒன்று, அதையும் மூடிவிட்டால் என்ன மிச்சம்? போதாததற்கு, கப் உட்காரும் இடத்தில் பவுடர் படிந்தால் பால்ரஸ் சீராக ஓடாது. மெல்லிய ஸ்டவ் எனாமலும் கையால் இழுத்த தங்கக் கோடும் போதும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஃபோர்க்கின் மேற்பகுதி முன்குழாயோடு ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். பிறகு முன்குழாயை ஒட்டிச் சாய்குழாயின் அடியில் விரலை ஓட்டுங்கள். அங்கே மேடோ சுருக்கமோ தட்டுப்பட்டால் அந்த வண்டி எங்கோ மோதியது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.