மழைக்கால மலைப் பயணம்: வீடு திரும்பியும் 3 வாரம் கவனம்!

‘சனி, ஞாயிறு ரெண்டு நாள் லீவு. மழையும் பிடிச்சாச்சு. கொல்லிமலை போயிட்டு வரலாமா?’ என்று நண்பர்களில் ஒருவர் ஆரம்பித்தால் போதும். மாலைக்குள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, வேனும் பேசி முடித்துவிடுவார்கள்.

போகாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. மலைக்காற்றும், நல்ல நடையும், நண்பர்களோடு சிரிக்கிற சிரிப்பும் உடம்புக்கும் மனசுக்கும் நல்லதுதான். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தப் பயணம் ஞாயிறு இரவோடு முடிவதில்லை. உடம்பின் கணக்கில் அது கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, வீடு திரும்பி மூன்று வாரம் கழித்துத்தான் முடிகிறது. ஏன் என்று பார்ப்போம்.

காலமும் நிலமும்

சித்த மருத்துவம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். கார்காலத்தில் வாதம் தன் இடத்தை விட்டுப் பரவும் என்பது நூல்கள் சொல்லும் கணக்கு. மழை பிடித்தவுடன் மூட்டு பிடித்துக்கொள்வதும், பசி மந்தப்படுவதும் இதனால்தான் என்பார்கள்.

காலத்தைப் போலவே நிலத்துக்கும் குணம் உண்டு. மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சி நிலத்தில் இரத்தத்தைக் கெடுக்கும் சுரம் வரும், வயிற்றில் கட்டி தட்டுப்படும் என்று நம் முன்னோர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஈரலும் மண்ணீரலும் வீங்குகிற காய்ச்சல்களை அவர்கள் கண்டறிந்த விதம் அது. கிருமியின் பெயர் அன்று தெரியாது. ஆனால் மலைக்குப் போய் வந்தவனுக்குக் காய்ச்சல் என்றால் தனிக் கவனம் வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இந்தக் கட்டுரையின் சாரமும் அதுதான்.

யார் ஏறலாம்?

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் வாந்தி வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. இரண்டு இட்லி போதும். ஒரு துண்டு இஞ்சியை உப்பு தொட்டு வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். முன் சீட்டில் உட்கார்ந்து தொலைவில் பார்வையை வையுங்கள்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது உற்சாகமாகத்தான் இருக்கும். குளித்துக் களைத்த பிறகு அத்தனையையும் திரும்ப ஏறியாக வேண்டுமே! வீட்டு மாடிப்படி ஏறும்போதே நெஞ்சு இறுக்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். மலை எங்கேயும் ஓடிப் போகாது.

மற்றவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் முக்கால் மணி நேரம் நடந்து, பத்து நிமிஷம் படி ஏறி இறங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. கையில் ஒரு கம்பு இருந்தால் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையோடு கொஞ்சம் சர்க்கரையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை வேனில் விட்டுவிட்டு நடக்கக் கூடாது.

ஈரம்தான் குளிரைவிடப் பொல்லாதது

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும். அது பெரிய குளிர் இல்லை. ஆனால் நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால், காய்ந்த உடையில் இருப்பதைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூடு இறங்கும். ஜீன்ஸ் பேண்ட் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், லேசில் காயாது.

நடுக்கம் முதல் அறிகுறி. அடுத்து பேச்சு குழறும், நடை தடுமாறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். ‘தூக்கக் கலக்கம்’ என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்றுபோனால் அது ஆபத்தின் எல்லை. ஈர உடையைக் களைந்து, துடைத்து, காய்ந்த துணியும் கம்பளியும் சுற்றி, காற்றுப் படாத இடத்தில் உட்கார வையுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் வெதுவெதுப்பாகச் சுக்குமல்லிக் காபி கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

‘குளிருக்கு ஒரு ரவுண்டு’ என்று மது குடிப்பது முழுத் தவறு. மது தோலில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடேறியது போலத் தோன்றும். உண்மையில் உள்ளேயிருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

எனவே ஆளுக்கு ஒரு செட் உடையும் சாக்ஸும் பிளாஸ்டிக் கவரில் கட்டி, பையின் அடியில் வையுங்கள். கீழே வந்து சேரும்வரை அதைத் தொட வேண்டியிருக்காது என்றாலும் அது கூடவே இருக்கட்டும்.

தண்ணீர் நிறம் மாறினால் வெளியேறுங்கள்

2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவனைக் கொண்டு போனது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது திருவண்ணாமலையில் மண் சரிந்து வீடு புதைந்து 7 பேர் இறந்தார்கள்.

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே எங்கோ பெய்த மழை சில நிமிஷங்களில் உங்களிடம் வந்துவிடும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சோப்பு, துண்டு எதையும் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். வனத்துறையினர் ‘இன்னிக்கு அனுமதி இல்லை’ என்றால் சுற்றுப்பாதை கேட்காதீர்கள். அப்படியே திரும்பிவிடுங்கள்.

அட்டை கடித்தால்

அட்டையைக் கண்டு அலற வேண்டியதில்லை. கெட்ட இரத்தம் நீக்க ‘அட்டைவிடல்’ என்றே ஒரு சிகிச்சை சித்த மருத்துவத்தில் உண்டு. கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். நெருப்பு வைக்காதீர்கள். கடித்துக்கொண்டிருக்கும்போது உப்பும் போட வேண்டாம். அது உள்ளே போனதைக் காயத்திலேயே கக்கிவிடும். விரல் நகத்தைத் தோலோடு தோலாகச் சாய்த்து, அதன் வாய்ப்பகுதியை நெம்பினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் சில மணி நேரம் கசிவது சகஜம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மட்டும் இது பிரச்னை ஆகலாம். அவர்கள் அட்டைக் காட்டுக்குள் போகாமல் இருப்பதே மேல்.

பாம்பும் பச்சிலையும்

பாம்பு கடித்தால் பச்சிலை தேடாதீர்கள். கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கயிறு கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, ஆளையும் நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்குமான விஷமுறிவு மருந்து ஊசியாகத்தான் இருக்கிறது. அது அரசு மருத்துவமனையில் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். மலைக்குப் போனதும் நம்மில் பலருக்கு மூலிகை ஆசை வந்துவிடும். மழைக்காலத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கும் செங்காந்தள் நம் மாநிலப் பூ. அதன் கிழங்கு கொடிய விஷம்! தெரியாத கிழங்கை, காயை, காளானை வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். கொல்லிமலையில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்கலாம், தவறில்லை. ஆனால் மூட்டுவலி அதோடு பறந்துவிடும் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஓடை நீர் கண்ணாடி போல இருந்தாலும் குடிக்காதீர்கள். மேலே எந்த ஆடு மாடு இறங்கியதோ, யார் கண்டது? வீட்டிலிருந்தே காய்ச்சி ஆறிய நீரைக் கொண்டு போங்கள்.

வீடு வந்த அன்றைக்கு

அன்றே எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டாம். சோப்புப் போட்டு வெந்நீரில் குளியுங்கள். போட்டிருந்த துணிகளைக் கட்டிலில் போடாமல் வெந்நீரில் ஊற வையுங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் பெல்ட் படும் இடம், காதின் பின்புறம் என்று உடம்பு முழுவதும் பார்த்துக்கொள்ளுங்கள். கால் விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். சேற்றுப்புண் வந்திருந்தால் மருதாணி இலையை அரைத்துப் பூசலாம். இரவு மிளகு ரசம் சாதம் போதும். கால் வலிக்கு வாதகேசரித் தைலத்தை லேசாகச் சூடு காட்டித் தடவலாம். சுளுக்கி வீங்கிய இடத்தை மட்டும் நீவக் கூடாது.

அந்த மூன்று வாரங்கள்

இதுதான் முக்கியம். திரும்பிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து 3 வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ‘மழையில நனைஞ்சது, சரியாயிடும்’ என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

எலிக்காய்ச்சல்: எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீர் கலந்த சேறும் தண்ணீரும் காலில் உள்ள சிராய்ப்பு வழியாகக் கிருமியை உள்ளே விடும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் தொட முடியாத வலி, கண் சிவப்பு. கவனிக்காவிட்டால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம்.

ஸ்க்ரப் டைபஸ்: புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடிப்பதால் வருவது. 6 முதல் 21 நாளில் காய்ச்சல், தலைவலி. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால் தெரியாது. அக்குளையும் தொடை இடுக்கையும் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

டெங்கு, மலேரியாவும் வரலாம். அதனால் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

‘நிலவேம்புக் குடிநீர் குடித்தால் போதாதா டாக்டர்?’ என்று கேட்பீர்கள். 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே அதை ஊரெங்கும் கொடுத்தது. நானும் கொடுக்கிறேன். குடிக்கலாம். ஆனால் சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: அது இரத்தப் பரிசோதனைக்குப் பதில் ஆகாது. எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் நல்ல ஆன்டிபயாடிக் மருந்துகள் உண்டு. ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்து எழுந்துவிடுவார்கள். கஷாயம் குடித்துப் பார்ப்போம் என்று ஐந்தாறு நாளைக் கழித்தால், அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் அடிபட்டுவிடக் கூடும். மருத்துவத்தில் முதல் வேலை நோயைக் கணித்தல். குடிநீர் கொடுப்பது அதன் பிறகுதான்.

டாக்டர் முன் உட்கார்ந்ததும், அவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லுங்கள்: ‘இத்தனாம் தேதி மலைக்குப் போனேன், ஓடையில் இறங்கினேன், புல்லில் உட்கார்ந்தேன்.’ எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அவருக்கு உடனே பிடிபட்டுவிடும். கூட வந்த நண்பர்களுக்கும் ஒரு போன் போட்டு, ‘உனக்குக் காய்ச்சல் ஏதும் உண்டா?’ என்று விசாரியுங்கள். ஒருவருக்கு வந்தது மற்றவருக்கும் வரக் கூடும். சேர்ந்து ஏறினீர்கள் அல்லவா? சேர்ந்தே நலமாக இருங்கள்.