தோலின் அமைப்பும் அழற்சி நோய்களும்

உடலின் முக்கிய உறுப்புகள் யாவை என்று வினவினால், இதயம், நுரையீரல், ஈரல் என்று அடுக்குவோமேயன்றித் தோலை நினைப்பவர் அரியர். ஆயினும், உடல் முழுவதையும் போர்த்தி நிற்கும் தோலும் ஓர் உறுப்பே. வளர்ந்த மனிதரிடத்தில் அது ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை பரப்புடையது. வெயிலிலும் சேற்றிலும் உழைப்பவர்க்கு அதுவே முதற் காவல். அக்காவலில் பழுது நேருங்கால் அரிப்பு, தடிப்பு, கொப்புளம் முதலியன தோன்றுகின்றன. இவை பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், காரணத்தால் வெவ்வேறானவை. ஆகவே ஒரே களிம்பு அனைத்தையும் தீர்க்காது என்பதை யாவரும் அறிதல் வேண்டும்.

மூன்று அடுக்குகள்

தோல் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே இருப்பது மேல்தோல். இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இதன் அடிப்பகுதியில் ஓயாமல் பிறக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக மேலெழுந்து, உலர்ந்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில் உதிர்கின்றன. தோலுக்கு நிறம் தரும் அணுக்களும் அவ்வடிப்பகுதியிலேயே உள்ளன. மேற்பரப்பிலுள்ள உலர்ந்த அணுக்களைச் செங்கற்கள் என்று கொண்டால், அவற்றினிடையே உள்ள கொழுப்பைச் சுண்ணச் சாந்து எனலாம். சாந்து கரைந்த சுவரில் நீர் கசிவதுபோல, கொழுப்பை இழந்த தோலினின்று ஈரம் வெளியேறும். அழுக்கும் கிருமியும் உட்புகும்.

இரண்டாவது அடுக்கு உட்தோல். இரத்தக் குழாய்கள், நரம்பு நுனிகள், மயிர்க்கால்கள், வியர்வைச் சுரப்பிகள், எண்ணெய்ச் சுரப்பிகள் ஆகியவை இங்கு அமைந்துள்ளன. அதன் கீழுள்ள கொழுப்படுக்கு, அடியைத் தாங்கும் மெத்தையாகவும் உடற்சூட்டைக் காக்கும் போர்வையாகவும் உதவுகிறது.

அழற்சி என்பது யாது?

தீங்கு நேர்ந்த இடத்தில் உடல் நிகழ்த்தும் தற்காப்புப் போரே அழற்சி. இரத்தக் குழாய்கள் விரிவதால் சிவப்பும் சூடும், நீர் கசிவதால் வீக்கமும், நரம்புகள் தூண்டப்படுவதால் அரிப்பும் உண்டாகின்றன. கருநிற மேனியில் சிவப்பு தெளிவாகத் தோன்றாது. கருமையாகவோ ஊதாவாகவோ காணப்படும்.

அடிக்கடி காணும் நோய்கள்

கரப்பான்: தோல் வறண்டு, அரித்து, சில சமயம் நீர் வடியும். குழந்தைகளுக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளில் மிகுதி. இது தொற்று நோயன்று.

ஒவ்வாமை அழற்சி: சிமெண்டிலுள்ள குரோமியம் கொத்தனாரின் கைகளைப் புண்ணாக்குவதுண்டு. துணிக்குக் குறியிட முன்னர்ப் பயன்பட்ட சேங்கொட்டையின் சாறும் கொப்புளம் எழுப்பும். 1950-களில் புனேயில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் என்னும் களைச்செடி, உழவர்களின் முகத்திலும் கழுத்திலும் கண்ணிமைகளிலும் கடும் அழற்சியை விளைவிக்கிறது. காரணப் பொருளை விலக்காது மருந்து மட்டும் பூசுவது பயன் தராது.

காணாக்கடி: திடீரெனத் தடிப்புகள் எழும்பும், பெரும்பாலும் ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளைக்குள் மறையும். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க.

காளாஞ்சகப்படை: நான்கு வாரங்களில் உதிர வேண்டிய அணுக்கள் சில நாட்களிலேயே மேலெழுவதால் வெண்செதில்கள் குவியும். இதுவும் தொற்றாது. இந்நோயுடையாரை ஒதுக்குதல் அறியாமையாகும்.

களிம்பால் விளையும் கேடு

படர்தாமரை பூஞ்சையாலும், சிரங்கு தோலைத் துளைக்கும் நுண்ணிய பூச்சியாலும் வருபவை. இவை தொற்றுவன. இவற்றுக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் தாமாகவே வாங்கிப் பூசுவோர் பலர். அரிப்பு உடனே தணியும். ஆனால் பூஞ்சை அழியாது. தற்காப்பு அடங்கிய தோலில் அது மேலும் படரும். நோயின் உருவம் மாறுவதால் மருத்துவரும் அடையாளம் காண்பது அரிதாகும். நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து வரிகள் விழும். மருத்துவர் குறித்த அளவில் கரப்பானுக்கு நன்மை செய்யும் அதே மருந்து, இடமறியாது பூசுமிடத்துக் கேடாகிறது.

செய்யத் தக்கவை

வறண்ட தோலுடையோர் மென்மையான சோப்பை அளவோடு பயன்படுத்தி, குளித்தவுடன் ஈரம் முற்றும் உலருமுன் தேங்காய் எண்ணெய் தடவுதல் நலம். பார்த்தீனியம் களையும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிதல் வேண்டும். வடியும் புண்ணில் சாணமோ சாம்பலோ இடலாகாது. சிரங்கு கண்டால், அரிப்பில்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்திடுதல் வேண்டும்.

உணர்ச்சியற்ற, வெளிறிய தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அதனை மறைத்தல் ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் இலவசமாகவே குணப்படுத்துவர். தோலில் தோன்றும் மாற்றம் எதுவாயினும், முதலில் காரணத்தை அறிந்து, பின்னரே மருந்தைத் தேடுவோமாக.